சுவரில் இருக்கும் விசை யாருடையது?

கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது என்றுதான் நாம் அனைவரும் நம்புகிறோம். குடை வாங்கினால் குடை நம்முடையது. அம்மி வாங்கினால் அம்மி நம்முடையது. கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போனாலும் குடை விரியும், அம்மி அரைக்கும். ஆனால், அண்மைய ஆண்டுகளில் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கும் சில பொருள்கள் அப்படியல்ல. பணம் நம்முடையது, சுவர் நம்முடையது, மாதக் கடைசியில் வரும் மின்கட்டணமும் நம்முடையது. பொருள் மட்டும் வேறொருவரின் சொல்லைக் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு பொருளைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். அதன் பெயர் திறன் சாக்கெட்.

பார்ப்பதற்கு நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று துளைச் சாக்கெட்டைப் போலவே இருக்கும். உள்ளே முக்கியமாக மூன்று பாகங்கள் உண்டு. மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் ஒரு ரிலே. வைஃபை வழியாகச் செய்தி வாங்க ஒரு சில்லு. 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்து அந்தச் சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுக்க ஒரு சிறு மின்சுற்று. எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சில்லுக்குச் சொல்லித்தரும் நிரல் அதன் நினைவகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஃபர்ம்வேர் என்று வகுப்பில் சொல்கிறோமே, அதுதான். தமிழில் நிலைபொருள் என்பார்கள்.

ஆக, ரிலே சாக்கெட்டின் கை என்றால், நிலைபொருள் அதன் மனம். அந்த மனம் யாருடைய பக்கம் என்பதுதான் கேள்வி.

இத்தகைய சாக்கெட்டுகள் பலவற்றில், திறன்பேசியில் நாம் விசையைத் தொட்டதும் கட்டளை நேராகச் சாக்கெட்டுக்குப் போவதில்லை. வீட்டு மோடமைத் தாண்டி, இணையம் வழியாக, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அந்தக் கணினி சரி என்ற பிறகுதான் மூன்றடி தூரத்தில் இருக்கும் சாக்கெட்டுக்குத் திரும்பி வருகிறது. பக்கத்து அறைக்குக் கோலாலம்பூர் வழியாகக் கடிதம் அனுப்புவது போன்ற கதை! இதற்கு மேகக் கணிமை என்று அழகான பெயர் வேறு. மேகம் என்றால் வானத்தில் இருப்பது என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஜொகூரிலேயே, கூலாய்ப் பக்கம் செம்பனை மரங்கள் சூழ்ந்த செடெனாக் வட்டாரத்தில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. மேகம் என்பது அப்படிப்பட்ட கட்டடங்களில், வேறொருவர் பொறுப்பில் ஓடும் கணினிதான்.

எங்கள் வீட்டுக்குத் திறன் சாக்கெட்டை வாங்கி வந்தவர் அண்ணன். சிங்கப்பூரில் வேலை, விடியற்காலை நான்கரை மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கப் புறப்பட்டுவிடுவார். பக்கவாதத்துக்குப் பிறகு பாட்டியால் கட்டிலை விட்டுத் தனியாக எழ முடிவதில்லை. அவர் அறையில் இருக்கும் சாக்கெட்டோ அலமாரிக்குப் பின்னால். எனவே அண்ணன் திறன் சாக்கெட் ஒன்றை வாங்கி, மேசைக் காத்தாடியையும் விளக்கையும் அதில் இணைத்து, பழைய திறன்பேசி ஒன்றைப் பாட்டியின் தலையணை அருகே வைத்தார். அதில் ஒரே ஒரு பெரிய பொத்தான். தொட்டால் காத்தாடி ஓடும். மறுபடி தொட்டால் நிற்கும். நான்கு மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன.

பிறகு ஒருநாள் எங்கள் தாமானில் கால்வாய் தோண்டியபோது இணையக் கம்பி அறுந்தது. இரண்டு நாள்களுக்கு இணையம் இல்லை. வீட்டில் மின்சாரம் இருந்தது, காத்தாடி நல்ல நிலையில் இருந்தது, வைஃபையும் இருந்தது. ஆனால் பாட்டி பொத்தானைத் தொட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றியதே தவிர, காத்தாடி சுற்றவில்லை. அம்மா தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வரை, நண்பகல் வெயிலில், தகரம் காய்ந்த அறையில் பாட்டி படுத்துக் கிடந்தார். அந்த வாரம் பருவ விடுமுறைக்கு வீடு திரும்பிய எனக்கு இந்தச் செய்திதான் முதலில் காத்திருந்தது.

இணையம் இல்லாததால்தான் இப்படி ஆனது என்று பாட்டிக்கு விளக்க முயன்றேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுத் தம் கதையைச் சொன்னார். பாட்டி குளுவாங் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் இளமையில் லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து இஞ்சின் கொட்டகையிலிருந்து வந்ததாம். பொழுது சாய்ந்ததும் இஞ்சினை ஓட்டுவார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள்.

“பத்து மணி ஆனா, புள்ள படிக்குதோ பாலு குடிக்குதோ, டப்புனு அணைஞ்சிரும். சுவிட்சு நம்ம வீட்டுல இல்ல, அவுங்க கொட்டகையில இருந்துச்சு. இப்ப அந்தச் சுவிட்சு எங்க இருக்கு பாப்பா?”

“வேற நாட்டுல, பாட்டி.”

“அப்பவாச்சும் ஆபீசுக்கு நடந்து போயி கேட்கலாம்” என்றார் பாட்டி.

மின்பொறியியல் படிக்கும் எனக்கு எந்த விரிவுரையாளரும் இந்தச் சிக்கலை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. தமிழில் உடைமை என்றொரு சொல் இருக்கிறது. உரிமை என்றொரு சொல் இருக்கிறது. சாக்கெட் எங்கள் உடைமை. அதை எப்போது இயக்குவது என்ற உரிமை எங்களிடம் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு கருவி விற்பனையானது. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் ஒருங்கிணைக்கும் அக்கருவியின் விலை ஏறத்தாழ 300 டாலர். அந்நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. கருவிகள் பழுதாகவில்லை, ஆனாலும் பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணினிகள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. பின்னர்ப் பயனர்கள் சிலர் சேர்ந்து நிறுவனத்தையே வாங்கி மீட்க வேண்டியதாயிற்று. பெல்கின் நிறுவனம் தனது வீமோ வகைச் சாக்கெட்டுகள் பலவற்றுக்கான மேகச் சேவையை 2026 ஜனவரி 31-உடன் நிறுத்துவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அவற்றுள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இயங்கும் வசதியை முன்பே பெற்றிருந்த சிலவற்றுக்கு மட்டும் இந்த அறிவிப்பால் பெரிய பாதிப்பில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பும் ஒரு பக்கம் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கணினி ஆர்வலர் மாநாட்டில், மைக்கேல் ஸ்டைகர்வால்ட் என்ற ஆய்வாளர் பல நிறுவனப் பெயர்களில் விற்கப்படும், ஒரே தளத்தைச் சார்ந்த திறன் கருவிகளை ஆராய்ந்து பேசினார். வீட்டு வைஃபை கடவுச்சொல் கருவியின் நினைவகத்தில் மறையாக்கம் இல்லாமல் அப்படியே கிடந்ததை அவர் காட்டினார். குப்பையில் வீசிய ஒரு விளக்கிலிருந்து வீட்டுக்கே சாவி எடுக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

சரி, வழி என்ன? சாக்கெட்டின் மனத்தை மாற்றுவதுதான் வழி. அதாவது, நிறுவனம் எழுதிய நிலைபொருளை அழித்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே கட்டளை வாங்கும் நிலைபொருளை எழுதுவது.

இது சாத்தியமானதற்குப் பின்னால் ஒரு சில்லின் வரலாறு இருக்கிறது. சிங்கப்பூரரான தியோ சுவீ ஆன் 2008-இல் ஷங்காயில் எஸ்பிரசிஃப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2014-இல் அந்நிறுவனத்தின் ஈஎஸ்பி 8266 என்ற மலிவான வைஃபை சில்லு உலகச் சந்தைக்கு வந்தது. அதைப் பற்றிய விளக்கக் குறிப்புகள் தொடக்கத்தில் பெரும்பாலும் சீன மொழியில்தான் இருந்தன. ஆர்வலர்கள் கூடி அவற்றை மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்த்த பிறகுதான் சில்லு உலகுக்குத் திறந்தது! நிரல் எழுதுவது அதற்குப் பின் வந்த வேலை. மொழிக் கழகத்தில் இருக்கும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா?

அதே சில்லைக் கொண்ட சோனாஃப் என்ற மலிவான விசைகளுக்காக நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ அரெண்ட்ஸ் மாற்று நிலைபொருள் ஒன்றை எழுதினார். அதுவே இன்று டாஸ்மோட்டா எனப்படுகிறது. அவர் பெயர், சோனாஃப், எம்கியூடிடி, கம்பியின்றிப் புதுப்பித்தல் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து உருவான பெயர் அது. இடையில் வரும் எம்கியூடிடி என்பது 1999-இல் எண்ணெய்க் குழாய்களைத் துணைக்கோளம் வழியாகக் கண்காணிப்பதற்கென உருவாக்கப்பட்ட செய்தி முறை. டாஸ்மோட்டாவின் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். காசு கிடையாது.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் எங்கள் தாமானில் இருக்கும் ஒயர்மேன் மாமாவை அழைத்தோம். சுவரில் பதித்த சாக்கெட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் உரிமம் பெற்ற ஒயர்மேனின் வேலை, மாணவர்களின் வேலையன்று. அவர் மெயின் சுவிட்சை அடைத்து, திறன் சாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, அந்த இடத்தில் சாதாரணச் சாக்கெட்டைப் பொருத்திவிட்டுப் போனார்.

மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஈஎஸ்பி 8266 இருந்தது. கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய மாற்றி ஒன்றை எடுத்து, அதை 3.3 வோல்ட்டுக்கு மாற்றினேன். 5 வோல்ட் கொடுத்தால் சில்லு கருகிவிடும். பிறகு நான்கு ஒயர்கள்: ஒன்று மின்னழுத்தத்துக்கு, ஒன்று தரைக்கு, ஒன்று அனுப்ப, ஒன்று பெற. அனுப்பும் முனை எதிரில் பெறும் முனையோடு சேர வேண்டும். ஜிபிஐஓ 0 எனப்படும் முனையைத் தரையோடு தொட்டுக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், சில்லு பழைய நிரலை ஓட்டாமல் புதிய நிரலுக்காகக் காத்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வேலை முழுவதும் சாக்கெட் சுவர் மின்சாரத்திலிருந்து முற்றிலும் விலகியிருக்கும்போது மட்டுமே செய்யத்தக்கது. இச்சிறு கருவிகள் பலவற்றில் 3.3 வோல்ட் பகுதிக்கும் 230 வோல்ட் பகுதிக்கும் இடையே தடுப்பு கிடையாது. சுவர் மின்சாரம் இருக்கையில் கணினியையும் இணைத்தால் கணினி போகும், ஆளும் போகலாம்.

முதலில் பழைய நிலைபொருளை அப்படியே படித்து ஒரு கோப்பாகச் சேமித்தேன். மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமே! பிறகு நினைவகத்தை அழித்து, டாஸ்மோட்டாவை எழுதினேன். ஒரு கோப்பை காப்பி குடித்து முடிப்பதற்குள் எழுதி முடிந்தது. மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் சாக்கெட் தன் பெயரில் ஒரு சிறு வைஃபையை ஒளிபரப்பியது. திறன்பேசியை அதனோடு இணைத்து, 192.168.4.1 என்ற முகவரிக்குப் போய், எங்கள் வீட்டு வைஃபை விவரங்களைக் கொடுத்தேன். எந்த முனையில் ரிலே, எந்த முனையில் பொத்தான், எதில் சிறு விளக்கு என்று சொல்லிக்கொடுத்தேன். மின்தடைக்குப் பிறகு முன்பிருந்த நிலைக்கே திரும்ப வேண்டும் என்றும் அமைத்தேன். காத்தாடி ஓடும்போது மின்சாரம் போய் வந்தால் அது தானாகவே மறுபடி ஓட வேண்டும் அல்லவா?

பாட்டிக்குத் திறன்பேசியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதே சில்லைக் கொண்ட சிறு பெட்டி ஒன்றில் பெரிய சிவப்புப் பொத்தானைப் பொருத்தி, கட்டில் சட்டத்தில் கட்டினேன். பொத்தானை அழுத்தினால் அது வீட்டு வைஃபை வழியாகச் சாக்கெட்டுக்கு நேராகக் கட்டளை அனுப்பும். ஒயர்மேன் மாமா மறுநாள் வந்து சாக்கெட்டைச் சுவரில் மாட்டினார். மோடமிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பாட்டியை அழுத்தச் சொன்னேன். ‘டக்’ என்று ரிலே சத்தம், காத்தாடி ஓடியது. பாட்டி அன்று மாலை முழுவதும் காரணமில்லாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை.

அண்ணனுக்குத்தான் வருத்தம். “நான் சிங்கப்பூர்ல இருந்து பார்க்க முடியாதா? பாட்டிக்குக் காத்தாடி ஓடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மேகத்தை விட்டால் மேகம் தந்த வசதியும் போகும். வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைய வழிகள் இருக்கின்றன என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். “போன் பண்ணி பாட்டியையே கேளேன்.” அண்ணன் இப்போது மதிய உணவு நேரத்தில் தினமும் அழைக்கிறார். பேச்சு பெரும்பாலும் காத்தாடியைப் பற்றி இருப்பதில்லை.

இதில் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலாவதாக, எல்லாச் சாக்கெட்டிலும் இது எளிதன்று. இப்போது வரும் பல கருவிகளில் ஈஎஸ்பி 8266-க்குப் பதிலாக பெக்கன் போன்ற வேறு நிறுவனங்களின் சில்லுகள் இருக்கின்றன. அவற்றுக்கு டாஸ்மோட்டா பொருந்தாது. ஓப்பன்பெக்கன் போன்ற வேறு நிலைபொருள்களைத் தேட வேண்டும். இரண்டாவதாக, சாக்கெட்டுக்குள் கடிகார மின்கலன் இல்லை. மின்தடைக்குப் பிறகு நேரத்தை அது இணையத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆகவே பொத்தான் எப்போதும் வேலை செய்தாலும், ‘மாலை ஏழு மணிக்கு விளக்கு’ போன்ற நேர ஒழுங்குகளுக்கு வீட்டிலேயே நேரம் சொல்லும் கணினி ஒன்று தேவை. எங்கள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி அந்த வேலையைச் செய்கிறது. மூன்றாவதாக, மனம் மாறினாலும் உடல் மாறாது. நிலைபொருளை மாற்றியதால் ரிலேயின் தாங்கும் ஆற்றல் கூடிவிடாது. சுடுநீர்க் கருவியை அதில் இணைக்கக்கூடாது. உத்தரவாதமும் போய்விடும்.

நான்காவது குறைதான் பெரியது. முன்பு நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தவை இப்போது என் பொறுப்பு. வீட்டு வைஃபைக்குள் வந்தவர் எவரும் சாக்கெட்டுக்குக் கட்டளையிடலாம் என்பதால் கடவுச்சொல் வைக்க வேண்டும். புதிய பதிப்பு வந்தால் புதுப்பிக்க வேண்டும். நானோ ஸ்கூடாயில் விடுதியில் இருக்கிறேன். வீட்டில் உள்ள வேறு எவருக்கும் தெரியாவிட்டால், கொட்டகையின் சாவி நிறுவனத்திடமிருந்து என் கைக்கு மாறியது, அவ்வளவுதான். பாட்டிக்கு அதனால் என்ன உரிமை வந்தது?

ஆகவே ஒரு 555 நோட்டுப் புத்தகம் வாங்கி, அம்மாவுக்காக எல்லாவற்றையும் தமிழில் எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் உண்மையான தேர்வு வந்தது. தமிழ்ப்பள்ளியில் மின்கலன், மின்சுற்று, விசை என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவை மலாயில் பத்தேரி, லித்தார், சூயிஸ் ஆயின. பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். மூன்று மொழிகளில் தெரிந்த ஒன்றை ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட அம்மாவுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்றபோது, எனக்கே சில இடங்களில் பொருள் தெளிவாகியது. ‘விசை’ என்று எழுதினேன். அம்மா ‘சுவிட்சு’ என்று திருத்தினார். ‘நிலைபொருள்’ என்று எழுதியதைப் படித்துவிட்டு, “உள்ளே இருக்குற புத்தின்னு எழுது” என்றார். அப்படியே எழுதினேன். இப்போது வைஃபை கடவுச்சொல் மாறினால் சாக்கெட்டுக்குப் புதியதைச் சொல்லிக்கொடுக்க அம்மாவால் முடியும். ஒருமுறை செய்தும் காட்டிவிட்டார்.

1985-இல் நம் நாட்டில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். கணினி தமிழ் அறியாமல்தான் வந்தது; அதற்குத் தமிழ் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒருவர் துணிந்தார். கருவி எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் இந்த மலரைத் தமிழில் தட்டச்சு செய்யும் எளிமை நமக்குக் கிடைத்திருக்குமா? ஒரு சாக்கெட்டை அதனோடு ஒப்பிடுவது மிகைதான். ஆனாலும், அந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல என்று சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

எல்லாரும் சாக்கெட்டைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை இப்படியொரு பொருளை வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இணையம் இல்லாவிட்டால் இது வேலை செய்யுமா? நிறுவனம் மூடிவிட்டால் வேலை செய்யுமா? வீட்டில் இருக்கும் மூத்தவர் யாருடைய உதவியும் இல்லாமல் இதை இயக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம்.

திறந்து பார்க்கும் ஆர்வம் உள்ள தம்பி தங்கைகள், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய திறன் பிளக்கை அடுத்த பருவத்தில் கழக அறைக்குக் கொண்டு வாருங்கள். மாற்றியும் ஒயர்களும் என்னிடம் இருக்கின்றன. சுவரில் இருப்பதை மட்டும் நீங்களே பிடுங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதற்கு ஒயர்மேன் மாமாதான் வர வேண்டும்!